பிரபாவதி அம்மையார் குடித்த பால்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்து, காய்ந்த தாளைக் கனிந்த தீவனமாக்கிக் காட்டி, வாயில்லா உயிர்களின் வயிற்றுப் பசியை வருடமெல்லாம் தன் கவலையாய்ச் சுமந்து, பிழை நேர்ந்த நாளில் பழிக்கு அஞ்சாது நின்று, இன்று பணி நிறைவு பெற்றுச் சமவெளிக்கு இறங்கும் பெருந்தகை, எங்கள் தீவன அலுவலர் திருமதி பிரபாவதி அம்மையார் அவர்களுக்கு, குண்டனி நாடு மலை ஆட்டுப்பால் சங்கத்துப் பணியாளர்கள் பேரன்போடும் சிறிது அச்சத்தோடும் படைக்கும் மடல் இது.

அச்சம் என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தோம். நடந்ததை நடந்தபடி சொல்லாத பாராட்டு அவருக்குப் பிடிக்காது என்பதால் விட்டுவிட்டோம்.

அம்மையார் இங்கே வந்தபோது, அறுப்பு முடிந்த சாமைத் தாளும் கேழ்வரகுத் தாளும் பாதி மக்கும், பாதி எரியும். கோடையில் ஆடுகளுக்கு மடி வற்றிவிடும். அவர் கற்றுத் தந்தது எளிய வேலைதான். நூறு கிலோ காய்ந்த தாளுக்கு நாலு கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, மிதித்து, காற்றுப் புகாமல் மூடி, இருபத்தொரு நாள் வைப்பது. பிரித்ததும் எழும் நெடி போகும்வரை ஆறவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. இதைச் சொல்ல அவர் ஏறாத களம் இந்த மலையில் இல்லை. கூடவே நடந்தவர் எங்கள் சங்கத்துப் பெருமாயி அக்கா.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில், பெரக்கரை நாட்டு ஆடுகள் அந்தத் தாளை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. இனிப்புச் சேர்த்தால் தின்னும் என்று அம்மையார் நினைத்தார். யூரியாவோடு வெல்லக் கரைசலையும் ஊற்றச் சொன்னார். தாள்போர் வெட்டவெளியில் கறுப்புத் தார்ப்பாய்க்குள் வெந்தது. பிரித்தபோது தாள் வறுத்தது போலச் சிவந்து, கருகிய பாகின் வாசம் வீசியது. ஆடுகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு தின்றன. அன்று அவர் முகத்தில் இருந்த நிறைவைப் பெருமாயி அக்கா இன்றும் சொல்வார்.

நான்காம் நாள் உச்சி வேளையில் அவ்வூர்ச் சென்றாயனின் ஆட்டுப் பட்டியில் பால்குடிக் குட்டிகள் ஒன்பதும் ஒரே நேரத்தில் எழுந்தன. கத்தவில்லை. இடப்பக்கமாக வட்டமிட்டு ஓடத் தொடங்கின. சுவரில் மோதி விழுந்தவை எழுந்து அதே வட்டத்தில் சேர்ந்துகொண்டன. சற்று நேரத்தில் ஒன்றாகவே நின்று, எதுவும் நடவாதது போலப் படுத்தன. தாய் ஆடுகளோ அசைபோட்டபடி நின்றன. அடுத்தடுத்த நாளும் அதே வேளையில் அதே ஓட்டம். மூன்று குட்டிகள் செத்துப்போயின.

தெய்வக் குற்றம் என்றது ஊர். கோயிலில் பூப்போட்டுக் கேட்க நாள் குறித்தார்கள். அம்மையார் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, வேறூர் ஆட்டின் பாலைப் புட்டியில் கொடுத்தார். ஓட்டம் நின்றது. இரண்டை மட்டும் தாயிடம் விட்டார். அவை மறுநாள் உச்சியில் எழுந்து சுற்றின. கெடுதி பாலில் இருக்கிறது என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அதே தாளைத் தின்ற ஆடுகளின் பாலைத்தான் பதினொரு வீட்டுப் பிள்ளைகள் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று சென்றாயனின் நாலு வயது மகள் சங்கீதா வாசலில் இடப்பக்கமாகச் சுற்றி வருவதை அவர் கண்டார். குட்டிகளைப் பார்த்து விளையாடுகிறாள் என்று சிரித்தார் சென்றாயன். விளையாட்டாகவும் இருக்கலாம். அம்மையாருக்குச் சிரிப்பு வரவில்லை. பாலை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். சென்றாயன் நல்ல மனிதர். ஆனால் அவர் கண்ணுக்கு ஆடுகள் கொழுகொழுவென்று நின்றன.

"நல்லா நிக்கற ஆட்டுப் பால்ல என்னங்க கெடுதி இருக்கப் போகுது?"

"அப்படீன்னா நாளைக்குக் கறக்கறதை நான் குடிக்கறனுங்க. பாப்பாவுக்குக் குடுக்காதீங்க," என்றார் அம்மையார்.

மறுநாள் காலை ஊரார் பார்க்க மூன்று சொம்பு பால் குடித்தார். வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்தார். மூடுபனி விலகியது, வெயில் ஏறியது. பக்கத்தில் இருந்த பெருமாயி அக்காவிடம் அடுத்த போருக்கு எவ்வளவு தாள் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தவர், பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். செருப்பை விட்டுவிட்டு எழுந்தார். இடப்பக்கமாக நடக்கத் தொடங்கினார்.

கண் திறந்திருந்தது; இமைக்கவில்லை. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. பட்டியில் தாய் ஆடுகள் எல்லாம் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தன. மூன்றாவது சுற்றில் வீட்டுக்குள்ளிருந்து சங்கீதா வந்தாள். யாரும் அழைக்கவில்லை. அம்மையார் பின்னால், அவர் அடி வைத்த இடத்தில் தன் அடியை வைத்து நடந்தாள்.

பெருமாயி அக்கா ஓடிப்போய் அம்மையாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். ஒருவரால் நிறுத்த முடியவில்லை. இன்னும் இருவர் வேண்டியிருந்தது. சென்றாயன் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் தோளிலும் அவள் கால்கள் சற்று நேரம் நடந்தன.

வெகுநேரம் கழித்து அம்மையார் கண் இமைத்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"நான் எந்திரிச்சனா?"

சென்றாயன் உள்ளே போய், பால் குடத்தை எடுத்து வந்து மண்ணில் கவிழ்த்தார். மற்றப் பத்து வீடுகளும் அன்று மாலைக்குள் கவிழ்த்தன.

அம்மையார் தாளையும் பாலையும் அனுப்பியிருந்த ஆய்வகத்திலிருந்து பிறகு கடிதம் வந்தது. இனிப்பும் யூரியாவின் ஆவியும் சூட்டில் சேர்ந்தால் ஒரு நஞ்சு உண்டாகும். தாயைத் தொடாமல் பாலில் இறங்கும் என்றது அது. மூன்று சொம்புப் பாலில் ஒரு மனுஷிக்கு அப்படி ஆகுமா என்ற எங்கள் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

தெய்வத்தின் மேல் பழியை விட்டுவிட்டு அவர் பேசாமல் இருந்திருக்கலாம், ஊர் ஒப்புக்கொண்டிருக்கும். அவரோ வீடு வீடாகப் போய், வெல்லம் ஊற்றச் சொன்னது தன் பிழை என்று சொன்னார். செத்த குட்டிகளுக்கு ஈடாகத் தன் வீட்டு ஆடுகளை மலைக்கு ஏற்றினார். மிச்சத் தாளைத் தானே நின்று புதைத்தார். மறு கோடையில் இனிப்பில்லாமல், நிழலில் போட்ட போரை முதலில் கேட்டு வாங்கியவர் சென்றாயன். இன்று எண்பது குடும்பங்கள் அப்படித்தான் செய்கின்றன. சங்கீதா நலமாகப் பள்ளிக்குப் போகிறாள்.

போன வாரம் சாமான்களை மூட்டை கட்டும்போது, அன்று சுற்றி வந்தது நினைவிருக்கிறதா என்று, இத்தனை ஆண்டு கேட்காததைப் பெருமாயி அக்கா கேட்டார். அம்மையார் சாக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"நடந்தது நெனவில்லீங்க அக்கா. எனக்கு முன்னால யாரோ போய்ட்டிருந்தாங்க. நீங்க புடிச்சு நிறுத்தினப்பத்தான் அவுங்க திரும்பிப் பார்த்தாங்க."

யார் என்று அக்கா கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

உண்மையை உரைத்த உத்தமர், உயிர்களின் உற்ற துணைவர் எங்கள் அம்மையார், உடல் நலமும் உள்ள அமைதியும் குன்றாமல், உற்றார் சூழ நெடுங்காலம் வாழ வேண்டும். வெயில் உச்சிக்கு வரும் வேளையிலெல்லாம் அவர் பக்கத்தில், கையெட்டும் தூரத்தில், ஒருவர் இருக்க வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம்.

இவண்,
பெருமாயி, இளங்கோ, கலைமணி, முருகானந்தம்
மற்றும் சங்கப் பணியாளர்கள்,
குண்டனி நாடு, கொல்லிமலை.