சட்டைப் பையில் இருந்த மண்

காலை ரயிலில், தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்டவளுக்குப் பெங்களூரில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் வேலை என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“நேத்து எங்கப்பா சட்டைப் பையில இருந்த மண்ண மெஷின்ல வுட்டுப் பாத்தேன் ரூபி,” என்றாள்.

“இன்னாத்துக்குடி? அவரு போயி ரெண்டு வருசமாவுது.”

“சுரங்கத்துல கடைசி ஷிப்டுல போட்டிருந்த சட்ட. அம்மா இன்னும் தொவைக்கல.”

“மெஷின் இன்னா சொல்லிச்சி?”

“மண்ண ஆசிட்டுல கரைச்சி நெருப்புல ஸ்ப்ரே பண்ணுவோம். ஒவ்வொரு உலோகமும் ஒவ்வொரு மாதிரி வெளிச்சம் வுடும். அத வெச்சி எது எவ்ளோன்னு நம்பர் வரும். இரும்பு, ஈயம், ஆர்சனிக், எல்லாம் கீது.”

“தங்கம்?”

“அதுவும் கீது. கண்ணுக்கே தெரியாத அளவு.”

ரூபி சிரித்தாள். “அம்மாகிட்ட சொல்லு, சந்தோசப்படுவாங்க.”

பங்காருபேட்டை தாண்டியதும் மற்றவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“மண்ண வெளிய எடுத்தப்ப அப்பா வாசன வந்துச்சி ரூபி. சுரங்க ஷாப்டுல இருந்து மேல வந்து என்னத் தூக்குவாரே, அதே வாசன. அதுல இன்னா இருக்குன்னு தெரிஞ்சிக்கணும்னு தோணிச்சி. ஆசிட்டு ஊத்தினதும் வாசன போயிடுச்சி.”

“மீதி வெச்சிருக்கியா?”

“ஒரு சிட்டிகதான் இருந்துச்சி. மொத்தமும் போட்டுட்டேன். ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குக் கெளம்பறப்ப அம்மா அந்தப் பையில கைய வுட்டு மண்ணத் தொட்டுப் பாப்பாங்க. இன்னிக்கி சனிக்கெழமடி.”