முதல் வாய்

பசிக்கிற ஆளுக்குக் கடைசி வாய். பசியில்லாத ஆளுக்கு முதல் வாய். நடுவிலை நிக்கிற ஆளுக்கு வாயே இல்லை, கண் மட்டும்தான். அது என்ன இடம், சொல்லுங்கோ பாப்பம் அம்மா.

தெரியேல்லையோ? உங்களுக்குத் தெரியாட்டில் வேறை ஆருக்குத் தெரியப்போகுது? கிழமைக்குக் கிழமை வந்து போற இடமெல்லே. எங்கடை மறியல் வாசல், சிறைச்சாலை வாசல். பசிக்கிற ஆள் உள்ளுக்கை இருக்கிற உங்கடை மகன். பசியில்லாத ஆள் சாப்பாட்டுப் பாசலோடை நிக்கிற நீங்கள். கண் மட்டும் உள்ள ஆள் நான்.

ஓம், நான்தான். உதயகலா. காக்கி உடுப்பில்லாமல் அடையாளம் பிடிபடேல்லை என்ன? இஞ்சை என்னை மிஸ் எண்டு கூப்பிடாதேங்கோ. மெதுவாக் கதைப்பம். அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்திவிடுங்கோவன். முழுக்க வேண்டாம், வெளியிலை ஒழுங்கை தெரியிற மாதிரி இருக்கட்டும்.

இல்லை, இல்லை, உங்கடை மகன் கிறிஸ்ரிக்கு ஒண்டுமில்லை. சுகமா இருக்கிறார். நெஞ்சிலை இருந்து கையை எடுங்கோ. அவருக்கு ஏதும் நடந்தால் இப்பிடி ஒராள் தனிய வராது, பொலிசுதான் வரும். நான் என்ரை அலுவலாத்தான் வந்தனான். உரும்பிராயிலை இருந்து கொழும்புத்துறைக்கு பஸ்ஸிலை நேரா வந்திருக்கலாம். நான் ரவுணிலை இறங்கி, ஒரு கடைக்குள்ளை பூந்து மற்றப் பக்கத்தாலை வெளிக்கிட்டு, வேறை பஸ் எடுத்துத்தான் வந்தனான். சிரிக்காதேங்கோ. இப்ப நான் அப்பிடித்தான் திரியிறன்.

தேத்தண்ணியோ? ஏன் கரைச்சல்? சரி, அதிலை வையுங்கோ. ஆறட்டும்.

அந்த விடுகதை என்ரை மகளின்ரை. கீர்த்திகா. தானே யோசிச்சுப் பிடிச்சது. வேலையிலை என்னம்மா செய்யிறனீங்கள் எண்டு ஒருநாள் கேட்டாள். என்னத்தைச் சொல்லுறது? வாசலிலை நிண்டு, வாற பொம்பிளையளைச் சோதிச்சு, சாப்பாட்டைக் கிண்டிப் பாத்து, கொண்டு வந்த ஆளையே முதல் ஒரு வாய் சாப்பிட வைச்சுப்போட்டு உள்ளை விடுறனான் எண்டு சொன்னனான். அவளுக்கு அது நல்லாப் பிடிச்சுப்போச்சுது. அண்டையிலை இருந்து வீட்டிலை அதுதான் விளையாட்டு. பள்ளிக்குடத்துக்குப் புட்டுக் கட்டிக் குடுத்தால் வாங்கமாட்டாள். கையை நீட்டி மறிச்சுக்கொண்டு, முதல் வாய் நீங்கள் எண்டுவாள். நானும் சல்யூட் அடிச்சிட்டு ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டுவன். அதுக்குப் பிறகுதான் பெட்டியை மூடுவாள்.

என்னிலை உங்களுக்குக் கோவம் இருக்கும். நீங்கள் விடியக் காலமை எழும்பிச் சமைச்ச கணவாய்க்கறியை நான் கரண்டியாலை குழப்பினனான். ஒருக்கால் நண்டுக் காலையும் உடைச்சுப் பாத்தனான். சட்டம் அம்மா. நண்டுக் காலுக்கை என்ன வைச்சு அனுப்பினவை எண்டு சொன்னால் நம்பமாட்டியள். நீங்கள் இல்லை, வேறை ஆக்கள். நீங்கள் ஒருநாளும் முகம் சுழிக்கேல்லை. சிலுவை போட்டிட்டு ஒரு வாய் சாப்பிடுவியள். அதை நான் கவனிச்சிருக்கிறன்.

ஆ! அது என்ன சத்தம்? மோட்டச்சைக்கிளோ? வடிவாப் பாருங்கோ, ஒரு பக்கக் கண்ணாடி இல்லாததோ?

மீன்காரனோ. சரி. சரி. அவன் போகட்டும்.

எங்கடை ஒழுங்கையிலை நான் மறியலிலை வேலை செய்யிறது ஒருத்தருக்கும் தெரியாது. அரசாங்கக் கச்சேரியிலை கிளாக் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம். காக்கியைத் தோச்சால் வீட்டுக்குள்ளைதான் காயப்போடுறது. மாரியிலை வீடு முழுக்கக் கோழிக்கூடு மாதிரி மணக்கும். என்ரை மனிசன் லொறி ஓடுறவர், கிழமைக்கொருக்கால்தான் வாறவர். மற்றும்படி பிள்ளையும் நானும். அப்பிடி ஒளிச்சு ஒளிச்சு இருந்திட்டு, நானே கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினனான் அம்மா. அதுதான் நான் விட்ட பிழை.

சிறுவர் தினத்திலை. ஓம், அண்டைக்கு நீங்கள் காய்ச்சலெண்டு வரேல்லை, உங்கடை பேத்தி ஜெயனியைத் தாய்தான் கூட்டிக்கொண்டு வந்தவ. வருசா வருசம் உள்ளுக்கை இருக்கிறவையின்ரை பிள்ளையள் வந்து தேப்பன்மாரின்ரை மடியிலை இருந்திட்டுப் போறவை. இந்தமுறை எங்கடை பெரியவர், அத்தியட்சகர் ஐயா, புதுசா ஒரு ஏற்பாடு செய்தவர். மறியல் எண்டால் சனத்துக்குப் பயம், சனத்தையும் மறியலையும் சேர்க்க வேணும், முதல்லை எங்கடை குடும்பங்களிலை தொடங்குவம், உத்தியோகத்தரின்ரை பிள்ளையளும் வந்து கேக் குடுக்கட்டும் எண்டவர். நல்ல மனிசன், பிழை சொல்லேலாது. அவற்றை பிள்ளையள் கண்டியிலை படிக்கினம்.

கீர்த்திகா மைக்கிலை அந்த விடுகதையைப் போட்டாள். எல்லாரும் முழிச்சுக்கொண்டிருக்க, ஜெயனியை மடியிலை வைச்சிருந்த உங்கடை மகன்தான் கையை உயத்தி, வாசல் எண்டு சொன்னவர். ஒரே கைதட்டு. இவள் ஓடிப்போய் அவருக்குப் பரிசா ஒரு ரொபி குடுத்தாள். கெட்டிக்காரி, அம்மா ஆர் எண்டு கேட்டிருக்கிறார். இவள் திரும்பி என்னைக் கையாலை காட்டினாள். அவ்வளவு சனத்துக்குள்ளை.

அடுத்த கிழமை நான் மறியல் நடையிலை போகேக்கை உங்கடை மகன், மிஸ், மகள் காலமை உரும்பிராய்ச் சந்தியிலைதான் பஸ் ஏறுறவ என்ன எண்டு கேட்டவர். சிரிச்சுக்கொண்டுதான் கேட்டவர். வெருட்டேல்லை. வெருட்டியிருந்தால் எழுதிக் குடுத்திருப்பன். இது நலம் விசாரிக்கிறது. நலம் விசாரிச்சவர் எண்டு எப்பிடி அம்மா முறைப்பாடு எழுதிறது? எழுதினாலும் அந்தக் கடதாசி எத்தனை கையாலை போகும். அதிலை எந்தக் கை உங்கடை மகன்ரை ஆக்களின்ரை கை எண்டு எனக்குத் தெரியாது.

பேந்து ஒரு பொடியன் சந்தியிலை நிக்கத் தொடங்கினான். ஒரு பக்கக் கண்ணாடி இல்லாத மோட்டச்சைக்கிள். பிள்ளையின்ரை தண்ணிப் போத்தல் விழ எடுத்துக் குடுத்தவனாம். அந்த மாமா நல்லவர் அம்மா எண்டு வந்து சொல்லுறாள். நான் கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தனான். கத்தியைக் கீழை வைச்சனான்.

போன கிழமை நான் மரக்கறி வாங்கேக்கை அவன் பக்கத்திலை வந்து நிண்டான். அக்கா, கிறிஸ்ரிக்கு ஒரு பிஸ்கற் ரின் வரும், கிண்டாமல் கிளறாமல் உள்ளை போகட்டும் எண்டான். கத்தரிக்காயைப் பாத்துக்கொண்டுதான் கதைச்சவன். பிள்ளை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவள். நான்... நான் ஒண்டும் சொல்லேல்லை.

முந்தநாள் பின்னேரம் ரின் வந்திட்டுது. கீர்த்திகாதான் கொண்டு வந்தவள். அந்த மாமா அம்மாட்டைக் குடுக்கச் சொன்னவராம். பிஸ்கற் ரின், உள்ளை தொதல் இனிப்பு. ஓம் அம்மா, உங்கடை தொதல்தான். திறக்கேக்கையே ஏலக்காய் மணத்திலை தெரிஞ்சுபோச்சுது. கஜுப் பருப்பையும் நீங்கள்தான் அப்பிடிப் பாதி பாதியாப் பிளந்து பதிக்கிறனீங்கள். எத்தினை தரம் என்ரை மேசையாலை போயிருக்கு.

நீங்கள் கிண்டினது தொதல் மட்டும்தான், எனக்குத் தெரியும். பொலிசு எடுத்து வெட்டிப் பாக்க அடியிலை ஒரு பொலித்தீன் பை இருந்திருக்கு. ஐஸ் எண்டு சொல்லுறாங்கள் அந்தப் போதைத் தூளை. உங்கடை வீட்டை வந்து வாங்கிக்கொண்டு போனவன்தான் வைச்சிருப்பான். அழாதேங்கோ. தயவுசெய்து அழாதேங்கோ, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும். உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யாயினம். தொதல் ஆர் கிண்டினது எண்டு நான் பொலிசுக்குச் சொல்லேல்லை.

ஓம். பொலிசுக்குப் போயிட்டுது. நேற்றுக் காலமை. நான்தான் குடுத்தனான்.

அதைச் சொல்லத்தான் வந்தனான் அம்மா. நாளைக்குப் பார்வை நாள். நீங்கள் போவியள். உங்கடை சொல்லைத்தான் உங்கடை மகன் கேப்பார். சோறு குடுக்கிறதுக்கு முதல் இதைச் சொல்லுங்கோ. ரின்னைக் குடுத்தது உதயகலா மிஸ்தான், வேறை ஒருத்தருக்கும் அதிலை சம்பந்தமில்லை எண்டு. கோவமெண்டால் என்னிலை காட்டட்டும். நான் தனியத்தான் பஸ்ஸாலை இறங்கி நடக்கிறனான், எந்தப் பாதையெண்டு அவைக்குத் தெரியும். என்னை அடிக்கட்டும், வெட்டட்டும். பிள்ளை பள்ளிக்குடம் போய் வரவேணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது.

அவள் எங்கை எண்டோ? ஓரிடத்திலை இருக்கிறாள். பத்திரமா இருக்கிறாள். எங்கையெண்டு சொல்லமாட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்களை நம்பாமலில்லை.

இல்லை, பொய் சொல்லுறன். நம்பாமல்தான் இருக்கிறன். பாருங்கோ, நீங்கள் அன்பாத் தந்த தேத்தண்ணி ஆறிப்போய் ஆடையும் படிஞ்சிட்டுது. தொண்டை வறண்டுபோய்க் கிடக்கு. ஆனால் குடிக்கப் பயமாக் கிடக்கு அம்மா. கோப்பையைப் பாக்கப் பாக்க இதுக்குள்ளை என்ன கிடக்கோ எண்டுதான் வருது. வெக்கக்கேடு. ஒரு தாயின்ரை வீட்டிலை வந்திருந்துகொண்டு...

என்னம்மா செய்யிறியள்? ஐயோ, வேண்டாம். நான் கேக்கேல்லையே. வையுங்கோ அதை, நான் உங்களைக் குடிச்சுக் காட்டச் சொல்லேல்லை.

சிலுவையும் போட்டிட்டுக் குடிக்கிறியள்.

தாங்கோ. அந்தக் கோப்பையையே தாங்கோ. வேறை ஊத்த வேண்டாம்.

நல்லா இருக்கு. இஞ்சி போட்டனீங்கள் என்ன.

ம்? என்ன கேட்டனீங்கள்?

அந்தப் பொடியன் அப்பிடியோ சொன்னவன்? தொதல் வாங்க வரேக்கையோ? மிஸ் ஓமெண்டிட்டா, இந்தமுறை நீங்கள் சாப்பிட்டுக் காட்டவும் தேவையில்லை, போகவும் தேவையில்லை எண்டோ?

அப்ப உங்களுக்கு முதலே தெரியும். நான் வந்து இவ்வளவு நேரமாக் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனீங்கள்.

ஓம் அம்மா. தலையாட்டினனான். கத்தரிக்காய்க் கடையிலை தலையாட்டினனான். ரின் வந்த அண்டைக்கு அதை என்ரை வேலைப் பைக்குள்ளை, காக்கித் தொப்பிக்குக் கீழை வைச்சனான். விடிய எடுத்துக்கொண்டுபோய் உள்ளை விடுறதெண்டுதான் இருந்தனான். பிள்ளை பாத்துக்கொண்டு நிண்டாள். அந்த மாமா முதல் வாய் சாப்பிடேல்லையே அம்மா எண்டாள். பேசாமல் போய்ப் படு எண்டனான். ஒருநாளும் அவளோடை அப்பிடிக் கத்தினதில்லை. அவள் போய்ப் படுத்திட்டாள்.

நேற்றுக் காலமை நான் வேலைக்குப் போய்ப் பையைத் திறக்க ரின் இல்லை. கொஞ்ச நேரத்திலை பள்ளிக்குடத்து அதிபர் போன் எடுத்தா. ஓடினனான். ரின் அவவின்ரை மேசையிலை இருந்தது. நான் அழுத அழுகையைப் பாத்திட்டு அந்த மனிசி, நான்தான் கொண்டுவந்து குடுத்தனான் எண்டு பொலிசுக்குச் சொல்லச் சம்மதிச்சவ. அவவுக்கும் எனக்கும் மட்டும்தான் இது தெரியும். இப்ப உங்களுக்கும்.

நாளைக்கு மகனிட்டை என்ன சொல்லுவியளோ, அது உங்கடை கையிலை.

நான் குடுக்கேல்லை அம்மா. பிள்ளைதான் என்ரை பைக்குள்ளை இருந்து எடுத்துக்கொண்டுபோய்க் குடுத்தவள். கொண்டு வந்த ஆள் முதல் வாய் சாப்பிட்டுக் காட்டேல்லை எண்டு சொல்லி, அதிபரின்ரை மேசையிலை வைச்சிட்டு, வகுப்புக்குப் போயிட்டாள்.