மீனுக்கு இடிக்கிற மருந்து

இல்லைங்க மிஸ், இன்னைக்கு வறுத்து இடிச்சுக் காட்ட முடியாது. கோவிச்சுக்காதீங்க. நுவரெலியா மீன் ஆபீஸ்லருந்து கேமராவோட வந்துருக்கீங்க, பாவமாத்தான் இருக்கு. தேத்தண்ணியக் குடிங்க. வாயால சொல்றேன், எழுதிக்கிருங்க.

பூண்டு, சுக்கு, மொளகு, திப்பிலி, ஓமம், மஞ்சள். அம்புட்டுத்தான். வறுத்து இடிச்சு, தவிட்டுல பெசஞ்சு உருண்டையாப் போடணும். எங்க வீட்டுக்காரரு செல்லசாமிதான் தோட்டத்து மீன் கொளத்துக்குக் காவல். இந்த மழை தொடங்கினப்ப மீனுக்கெல்லாம் ஒடம்பு பூராப் புண்ணு, செதில் கொட்டி மெதந்துச்சு. பெரிய தொரை இவர நிப்பாட்டிருவேன்னுட்டாரு. வேலை போனா நாங்க குடியிருக்குற இந்த லயத்துக் காம்பராவும் போயிரும்ல? இவரு பச்சத்தண்ணி பல்லுல படாமக் கெடந்தாரு. வீட்டுல இந்த மருந்து ஒரு சட்டி சும்மா கெடந்துச்சு. இதப் போட்டுத்தான் பாருங்களேன்னு குடுத்தேன். மீன் பொழச்சுக்கிருச்சு. எனக்குச் சனியன் புடிச்சுக்கிருச்சு.

பின்ன என்னங்க? வாரா வாரம் இடிக்கணும்னு தொரை உத்தரவு. நமக்குக் காய்ச்சல்னா ரெண்டு வெள்ள மாத்திரை, மீனுக்குத் திப்பிலி! இப்ப நீங்க வேற, நாலு தோட்டத்துக்கும் சேத்து இடிக்கணுங்கிறீங்க.

மிஷின்ல அரைக்கலாந்தான். வறுக்குறது இந்த அடுப்புலதானே?

அதையும் கேட்டேன் மிஸ். கடைசி லயத்துப் பேச்சியம்மா செய்யட்டுமேன்னேன். ராசியான கைய மாத்தப்படாதாம். தொரைக்கு எப்பருந்து ராசியில நம்பிக்கை வந்துச்சோ!

கையெல்லாம் வலிக்கலங்க. கொழுந்து எடுக்குற கைக்கு ஒலக்கை ஒரு பாரமா?

சொல்லத்தான் வேணுமா? தொரைகிட்ட என்னான்னு சொல்லுவேன்... நீங்களும் பொம்பள, ஒங்ககிட்டச் சொல்லலாம்.

இது மீன் மருந்தே இல்ல மிஸ். எங்க சனத்துல புள்ள பெத்தவளுக்குக் குடுக்குறது. வயித்துப்புண்ணு ஆறும், பால் ஊறும். எம்மக நிஷாந்திக்குத் தலப்பிரசவம்னு செஞ்சு வச்சிருந்தேன். ஆஸ்பத்திரியிலருந்து அவ மட்டுந்தான் வந்தா. மருந்தக் கண்ணெடுத்துப் பாக்கல. அந்தச் சட்டியத்தான் மீனுக்குக் குடுத்தது.

மெதுவாப் பேசுங்க. அந்தச் சேலை மறைப்புக்கு அந்தாண்டதான் படுத்துருக்கா. ஒத்தக் காம்பரா, வேற எங்க போவா?

பால் வத்தணும்னு ஹட்டன்லருந்து மல்லியப்பூ வாங்கியாந்து மாருல வச்சுக் கட்டுறேன். ரெண்டு நாள் நல்லாத்தான் இருக்கா. நான் அடுப்புல சட்டிய வச்சு, ஓமம் பொரிஞ்சு வாசம் கெளம்பினாப் போதும் மிஸ், அவ சட்டை நனைஞ்சுபோகுது.