குப்பம்மாவின் செல்கள்

எனக்கு மீன் வாடை ஆகாது. ஆனாலும் குப்பம்மா கூடையோடு எங்கள் ஆய்வுக்கூட வாசலுக்கு வந்தால் நான்தான் முதலில் எழுந்து போவேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் மனிதர்களை மதிப்பவன்.

கேளம்பாக்கத்தில் நாங்கள் செய்துகொண்டிருந்தது அரிசிமணியைவிடச் சிறிய ஓர் ஒளி உணரி. ஒரு சொட்டு ரத்தத்தை அதன்மேல் ஓடவிட்டால், லட்சக்கணக்கான நல்ல செல்களுக்கு நடுவே ஒரே ஒரு புற்றுச் செல் உயிரோடு போனாலும் வெளிச்சம் சற்றே மங்கி, திரையில் ஓடும் கோட்டில் ஒரு பள்ளம் விழும். நோயில்லாத ரத்தத்தில் கோடு நேராக ஓட வேண்டும். அதைச் சரிபார்க்கத்தான் குப்பம்மாவின் விரலைக் கேட்டேன். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்திலிருந்து கூடை சுமந்து பஸ் ஏறி வருகிறவள். அவளைவிட ஆரோக்கியம் யாருக்கு இருக்கும்?

பள்ளம் விழுந்தது. மறுபடி பார்த்தேன், மறுபடி விழுந்தது. அவ்வளவு அழகான பள்ளத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

"இன்னா சார், எதுனா கீதா? வயிறு வேற வலிச்சுகினே கீது. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்னு பாக்குறேன்."

"ஒண்ணும் இல்லம்மா. வாரம் ஒருக்கா இங்கயே பாத்துடலாம். அங்க போய் எதுக்கு வரிசையில நிக்கணும்?"

யோசித்துப் பாருங்கள். சிகிச்சை எடுத்தால் செல்கள் குறைந்துவிடும். அப்புறம் எதை வைத்து உணரியைச் சோதிப்பது? சீசாவில் வளர்த்த செல்களுக்கு அந்த உயிர்ப்பு கிடையாது. வாராவாரம் விரலை நீட்டினாள்; பள்ளங்கள் கூடிக்கொண்டே வந்தன. இளைத்துவிட்டாயே என்று நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் முதலீட்டாளர்கள் முன்னால் அவள் ரத்தத்தைத்தான் ஓடவிட்டேன். எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்றைய சாப்பாட்டுக்கு வஞ்சிரம் வறுத்துக் கொண்டுவந்தவளும் அவள்தான். எதற்கென்று தெரியாமல் கதவோரம் நின்று அவளும் தட்டினாள்.

ஆம், எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர்கள் உங்களிடம் சொன்னார்களாம், நானும் மறுக்கவில்லை.

காரியம் முடிந்து அவள் மகள் யோகேஸ்வரி வந்தாள். "அம்மா கடைசி வரிக்கும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னுச்சு சார். எங்க சாரு மிசின்ல பாத்துட்டாரு, ஒண்ணும் இல்லன்னு சொல்லிகினே இருந்துச்சு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் என்ன கல்நெஞ்சக்காரனா?

இந்த நோய் சில குடும்பங்களில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். அந்தப் பெண்மேல் யாருக்காவது அக்கறை வேண்டாமா? அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்து, விரலை நீட்டச் சொன்னேன்.