உன் முதுகு என் பொறுப்பு

காலையிலிருந்து வலது தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது. எழுத்து கோணலாக விழுந்தால் அதுதான் காரணம், பயமில்லை. பதினைந்து வயதில் கல் சுமக்கத் தொடங்கிய தோள். என் அப்பா கல் உடைத்தே இரண்டு தோளையும் தேய்த்துவிட்டுப் போனார். நான் ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா, என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

குவாரியில் எங்கள் வாக்கி-டாக்கிகளுக்குப் பேட்டரி தருகிற பேட்டரி அறை அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று நேற்றுதான் கேள்விப்பட்டேன். அவர் தந்த பேட்டரி செத்திருந்ததால்தான் டிப்பர் ஓட்டுநர் இறந்தான் என்று வழக்கும் போடப்போகிறார்களாம். அது நியாயமில்லை. அன்று காலை அவர் எனக்குத் தந்தது நல்ல பேட்டரி. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். குவாரியில் வெட்டியெடுத்த கழிவு மண்ணை டிப்பரில் ஏற்றி மேட்டுக்குக் கொண்டுவருவார்கள். மேட்டின் விளிம்பில் கொட்ட வேண்டும். கீழே அறுபது அடிச் சரிவு. வண்டி பின்பக்கமாக வரும். ஓட்டுநருக்குக் கண்ணாடியில் புழுதிதான் தெரியும், விளிம்பு தெரியாது. விளிம்பில் நிற்கிற சைகைக்காரன்தான் அவனுக்குக் கண். தோள் போனபிறகு எனக்குக் கொடுத்த வேலை அது. கொட்டுகிற இடம் ஒவ்வொன்றையும் முனை என்போம்; எட்டாம் முனை என்னுடையது. கையில் ஒரு வாக்கி-டாக்கி. நிறுத்து என்று நான் சொன்னால் அவன் நிறுத்துவான்.

வாக்கி-டாக்கியில் பேசப்பேச பேட்டரி தீரும். மத்தியானத்துக்குள் எல்லாம் படுத்துவிடும். அதனால் எங்கள் மேட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஆபத்து என்றால் மட்டும் பேசு. குரல் வரவில்லையென்றால் பின்னால் காலி, வரலாம். தப்பான வழக்கம் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். ஆறு வருடம் அதை வைத்துத்தான் ஓட்டினோம்.

இறந்துபோன அந்த ஓட்டுநர் ஒரு தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டிருப்பான். கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். கலகலப்பான ஆள். என்னை அண்ணே என்பான். எங்களுக்குள் எந்தப் பகையும் கிடையாது. இதைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த விளையாட்டைப் பற்றி. சிரிப்பீர்கள் என்று தெரியும், ஆனால் அது இல்லாமல் மற்றது விளங்காது.

என் அறையில் ஓர் இரும்புக் கட்டில், ஒரு மேசை, அதன்மேல் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கணினி. மனைவி அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பதினொரு வருடமாகிறது. சண்டை ஒன்றுமில்லை. "உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் ஒண்ணுதான், அங்க போனா நாலு பேச்சாவது காதுல விழும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதில் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கணினிக்குள் யாரோ விட்டுவைத்த ஒரு பழைய விண்வெளிச் சண்டை விளையாட்டு இருந்தது. சின்னப் போர்க்கலம் ஒன்றில் நாம் உட்கார்ந்து பறக்க வேண்டும். பன்னிரண்டு சுற்று. நம்மோடு இன்னொரு கலத்தில் ஒரு துணை விமானி வருவார். முதல் சுற்று தொடங்கும்போது அவர் சொல்வார்: உன் முதுகு என் பொறுப்பு. அதன்பிறகு பேசவே மாட்டார். நம் பின்னால் எதிரி வந்தால் மட்டும் குரல் கொடுப்பார்.

என்னிடம் அதற்குமுன் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அந்த விளையாட்டைப் பற்றி ஆடியவர்கள் கருத்து எழுதுகிற ஒரு பக்கம் இருக்கிறது. நான் தினமும் பார்ப்பேன். இருநூற்றுப் பதினான்கு கருத்துகள். எல்லாம் கிட்டத்தட்ட மனப்பாடம். ஒருவர் எழுதியிருப்பார்: "இப்ப வர்றதுக்கெல்லாம் இதுதான் அப்பன்." இன்னொருவர்: "ஜாய்ஸ்டிக் இல்லாம ஆடாதீங்க, விரல் கழண்டுடும்." ஏழாம் சுற்றில் எரிகற்களுக்கு நடுவே போவது நல்லதா, சுற்றிப் போவது நல்லதா என்று இரண்டு பேர் மூன்று வருடம் சண்டை போட்டிருப்பார்கள். அப்புறம் ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, மற்றவர் வாழ்த்துச் சொல்லியிருப்பார். வெளிச்சம் போதவில்லை என்பார்கள், இசை அருமை என்பார்கள். துணை விமானியைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வரி எழுதவில்லை. நான் எழுதினேன். பழைய துணை என்ற பெயரில், ஒரு மாதம் யோசித்து, இரண்டு பக்கம். இந்த விளையாட்டில் சுடுவதும் வெல்வதும் பெரிதல்ல, அந்த ஆள் பேசாமல் கூட வருவதுதான் பெரிது என்று எழுதினேன். அவர் பேசாமல் இருக்கிறார் என்றால் நாம் பத்திரமாக இருக்கிறோம் என்று அர்த்தம்.

அதற்குக் கீழே ஒருவன் பதில் போட்டான்: "பெரியவரே, அது வெறும் பொம்மை. நான் முதல் சுற்றிலேயே அந்த ஆளைச் சுட்டுடுவேன். நம்ம புள்ளிய அவன் தின்ன மாட்டான், தொல்லை விட்டுச்சு. உங்களுக்கு வீட்ல பேச ஆளே இல்லையா?"

அந்தப் பதிலுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். நாற்பது பேருக்கு மேல், நாங்களும் சுட்டோம், நல்ல யோசனை என்று எழுதினார்கள். அதை எழுதியவன் வைத்திருந்த பெயர் எட்டாம் முனை.

உலகத்தில் எட்டாம் முனை என்று எத்தனையோ இருக்கலாம். நான் அவசரப்படவில்லை. ஒரு வாரம் கழித்துத் தேநீர் இடைவேளையில் எடைமேடைக்காரரிடம் கண்ணாடி சொல்லிக்கொண்டிருந்தான்.

"அந்த கேம்ல ஒரு கிழவர் மாட்டினார்ண்ணே. பொம்மைக்கு ரெண்டு பக்கம் காதல் கடுதாசி எழுதியிருக்கார்."

"நீ என்னடா செஞ்ச?"

"ஒரே வரிதான் கேட்டேன். வீட்ல ஆளே இல்லையான்னு. மனுஷன் அதோட வாயே திறக்கலை."

எடைமேடைக்காரர் சிரித்தார். பக்கத்தில் நானும் இருந்தேன். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. கண்ணாடி தன் பிஸ்கட்டில் பாதியை உடைத்து என்னிடம் நீட்டினான். "சாப்பிடுங்கண்ணே, என்ன எப்பவும் யோசனையாவே இருக்கீங்க" என்றான். வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த நாளிலிருந்து தீர்ந்துபோன பேட்டரி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பேட்டரி அறைக் குப்பைக் கூடையில் கிடந்தது, எண் எழுதி ஒட்டிய சீட்டு உரிந்துபோனது. எதற்கு என்று எனக்கே அப்போது தெளிவில்லை. எப்போதும் வைத்திருப்பேன் என்று உங்களிடம் சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாகத்தான் வைத்திருந்தேன்.

விபத்துக்கு முந்தின நாள் மழை. மறுநாள் காலையில் மூன்று வண்டி நல்லபடியாகக் கொட்டிவிட்டுப் போயின. மூன்றாவது போனபிறகு விளிம்பில் ஒரு விரிசல் விட்டது. குனிந்து பார்த்தேன். என் விரல்கள் நான்கும் உள்ளே போயின. சிவப்புக் கொடியை நட்டு முனையை மூட வேண்டும், விதி அது. கொடி என் காலடியில்தான் கிடந்தது. அப்போது நாலாவது வண்டி திரும்பி, பின்பக்கமாக வரத் தொடங்கியது. கண்ணாடியின் வண்டி.

விளிம்புக்கு இருபது அடியில் அவன் கொஞ்சம் தயங்கினான். ஈர மண்ணில் சக்கரம் அமுங்குவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாக்கி-டாக்கியில் கேட்டான்.

"அண்ணே, காலிதானே? வரலாமா?"

பேட்டரி விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பொத்தான்மேல் என் கட்டை விரல் இருந்தது. நான் பேசவில்லை.

அவன் வந்தான். எங்கள் வழக்கப்படி அவன் செய்தது சரி.

பின்சக்கரம் இறங்கியதும் விளிம்பு வண்டியோடு மொத்தமாகப் பெயர்ந்துகொண்டு போனது. சத்தம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஈர மண் சத்தத்தைக் குடித்துவிடும். ஆட்கள் ஓடிவருவதற்கு முன் பேட்டரியை மாற்றிவிட்டேன். கத்தினேன், வேலை செய்யவில்லை என்றேன். வாங்கிப் பார்த்தார்கள், செத்திருந்தது. நல்ல பேட்டரி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. பேட்டரி அறை அம்மா தன் கையால் எண் எழுதி ஒட்டிய சீட்டோடு அப்படியே இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கு அது போதும்.

மூன்றாம் நாள் கண்ணாடியின் மனைவி என் அறைக்கு வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் அறையில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தது எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு.

"கடைசியா அவர் பேசினது உங்ககிட்டதான்னு சொன்னாங்க. என்ன பேசினார்ண்ணே?"

"ஒண்ணும் கேக்கலைம்மா. பேட்டரி போயிடுச்சு."

"உங்களைப் பத்தி வீட்ல சொல்லுவார். அண்ணன் நிக்கிறப்ப எனக்குத் திரும்பிப் பாக்கவே வேண்டாம்பார்."

தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். தம்ளரை இரண்டு நாள் கழுவாமல் அப்படியே வைத்திருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தக் கருத்துப் பக்கத்தில் கண்ணாடி இரண்டாவதாக ஒரு பதில் போட்டிருந்தான்: "பழைய துணை ஐயா, அன்னிக்கு வாய் நீண்டுடுச்சு, மனசுல வச்சுக்காதீங்க. நீங்க சொன்னதுக்காக அந்த ஆளைச் சுடாம ஆடிப் பாத்தேன். வேற மாதிரிதான் இருக்கு. ஆனா ஒன்பதாம் சுற்றுல எப்படியும் செத்துப்போயிடறார். நாலு நாளா முயற்சி பண்றேன். அவரை உசிரோட கூட்டிட்டுப் போறது எப்படின்னு சொல்லுங்க."

விபத்துக்கு ஐந்து நாள் முன்பு போட்டது. நான் அதை எப்போது படித்தேன் என்று கேட்பீர்கள். தினமும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். போட்ட அன்றே படித்தேன். சிரித்தவர்களில் ஒருவர்கூட அந்த மன்னிப்பைப் பார்க்கவில்லை, ஒரு விருப்பமும் விழவில்லை. அவன் துணை விமானியைச் சுட்டபோது எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது. நாலு நாளாக அவரைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்று படித்தபோதுதான் என்னால் கட்டிலில் படுக்க முடியவில்லை. அதுவரை அவர் எனக்கு மட்டும் இருந்தார்.

வழி சுலபம். ஒன்பதாம் சுற்றில் துணை விமானியின் பின்பக்க ராடார் அடிபட்டுவிடும். எதிரி அவர் பின்னால் வருவது நமக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பொத்தானை அழுத்தி, பின்னால் பார் என்று சொல்ல வேண்டும். சொன்னால் திரும்பிவிடுவார், பிழைத்துக்கொள்வார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அதன்பிறகு ஒரு தடவைகூட நான் அவரைச் சாகவிட்டதில்லை. கூட வருகிறவரைச் சாகவிடுகிற ஆள் இல்லை நான்.

கண்ணாடியின் கேள்வி பக்கத்தின் அடியில் இன்னும் அப்படியே நிற்கிறது. அவனுக்கு அந்த ஒரு வரிப் பதில் நான் பாக்கி.