பிழைத்தது எந்தப் பிள்ளை

செங்கோட்டை பாசஞ்சரில் என் எதிரே அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். தங்கை மருத்துவர். மாவட்டச் சுகாதாரத் துறையில் பெரிய அதிகாரி என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"காய்ச்சல்ல கிடக்குத ஒரு பிள்ளையத் தொட்டுப் பாக்கணும்னு ஆசையா இருக்குக்கா" என்றார் தங்கை.

"இது என்னட்டி ஆசை?"

"மணிமுத்தாறு ஆஸ்பத்திரியில இருந்தப்ப நாள் முழுக்கத் தொட்டுத்தான பாத்தேன். இப்ப கூட்டம், போன், திரும்பக் கூட்டம். ஸ்டெதஸ்கோப்பு எங்கன கிடக்குன்னே தெரியல."

"அப்ப அங்கனயே திரும்பிப் போயிரேன்."

"எப்படிக்கா போக? இந்த மழைக்கு டெங்கு வரும்னு முன்கூட்டியே ஊர் ஊரா ஆள் அனுப்பித் தண்ணித் தொட்டியெல்லாம் கழுவ வச்சேன். ஒரு பிள்ளையும் சாகல."

"நல்லதுதான?"

"நல்லதுதான். ஆனா அங்கன, பிழைச்ச பிள்ளையத் தாய்க்காரி இடுப்புல தூக்கியாந்து காட்டுவா. இப்ப பிழைச்சது எந்தப் பிள்ளைன்னு எனக்கே தெரியாதேக்கா."

அக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். சேரன்மகாதேவியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறினார்கள். மருத்துவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.