கடைசி வரியைக் கருவி எழுதும்

பெயரும் முகவரியும் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன். வயது நாற்பத்து மூன்று. கார், வேன் பழுதுபார்க்கும் ஷெட் ஒன்றில் ஸ்கேன் கருவியைச் செருகி வண்டியின் பழுதைக் கண்டுபிடிப்பது என் வேலை. அங்கே எல்லாருக்கும் நான் 'ஸ்கேனர்'தான். ஷெட் என் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். பதினொரு வருடமாக அவனிடம் வேலை பார்க்கிறேன். வேன் ஓட்டுநர் இறந்தது சம்பந்தமாக நான் சொல்வதாவது:

சென்ற வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பழைய வேனை அதன் ஓட்டுநர் கொண்டுவந்தார். பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையவே மாட்டேன் என்கிறது என்றார். கருவியைச் செருகினேன். பிரேக் பம்ப்பில் அழுத்தம் ஏறவில்லை என்று பிழை காட்டியது. அழித்தேன், திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தது. வண்டியை வெளியே விடக் கூடாது என்று ஜாப் கார்டில் எழுதி மனைவியின் தம்பியிடம் கொடுத்தேன். புது பம்ப் வரப் பத்து நாள் ஆகும். மாலைக்குள் பிழையில்லை என்ற ரிப்போர்ட் போகாவிட்டால் தொழிற்சாலை வேறு வேனைப் பிடித்துக்கொள்ளும் என்று வேன் முதலாளி போனில் குதித்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் பல் டாக்டரிடம் போய்விட்டேன்.

இரண்டு மணிக்குத் திரும்பியபோது வேன் இல்லை. மனைவியின் தம்பியிடம் கேட்டதற்கு, "பம்ப் கெடச்சிருச்சு மச்சான், மாத்தியாச்சு" என்றான். கழற்றிய பழைய பம்ப் ஷெட்டில் எங்கும் இல்லை. நான் எழுதிய ஜாப் கார்டும் இல்லை. எனக்கு அப்போதே உறுத்தியது. வாயில் பஞ்சு, தாடை மரத்துக் கிடந்தது, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விட்டது என் தப்பு. வியாழக்கிழமை காலை, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வேன் சுவரில் மோதியது. ஓட்டுநர் சனிக்கிழமை இறந்துவிட்டார். என்னைவிட ஆறு வயது இளையவர்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்னை இந்தக் காவல் நிலையத்துக்கு அழைத்து ஒரு ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். வேனின் எண் இருந்தது, பிழை பூஜ்யம் என்று இருந்தது, கீழே என் பெயர் இருந்தது. கருவி நாள் முழுக்க என் பெயரில் திறந்தே கிடக்கும், யார் எடுத்தாலும் என் பெயர்தான் விழும். வண்டி எண், சேசிஸ் எண், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் கையால் அடிக்கலாம். கடைசி வரியை மட்டும் கருவி தானாக எழுதும். அதை ஒருவரும் படிப்பதில்லை, நான் படிப்பேன். வண்டியின் கம்ப்யூட்டரும் கருவியும் எந்த முறையில் பேசிக்கொண்டன என்பது அந்த வரி. அந்தக் காலத்து வேன் ஒற்றைக் கம்பியில் மெதுவாகப் பேசும், வேறு முறையில் என்ன கேட்டாலும் வாய் திறக்காது. ரிப்போர்ட்டிலோ 'கேன், 29 பிட்' என்று இருந்தது. அது இரட்டைக் கம்பியில் வேகமாகப் பேசும் புது முறை. ஆகவே அந்த ரிப்போர்ட் அந்த வேனில் எடுத்ததே இல்லை, பழுதில்லாத வேறு வண்டியில் எடுத்து வேனின் எண்ணை அடித்தது. நிச்சயப்படுத்திக்கொள்ள நினைத்து அன்று இதைச் சொல்லவில்லை.

அந்தப் புது முறையிலும் 11 பிட், 29 பிட் என்று இரண்டு வகை உண்டு. எங்கள் ஷெட்டுக்கு வரும் புது வண்டிகள் பெரும்பாலும் 11 பிட்தான். அந்தத் திங்கட்கிழமைப் பதிவேட்டை இரண்டு முறை பார்த்தேன். வந்த ஏழு வண்டிகளில் 29 பிட் ஒன்றுகூட இல்லை. எங்கள் வீட்டுக் கார் 29 பிட். அதை என் மனைவிதான் ஓட்டுகிறாள். அன்று தையல்காரரிடம் போனதாக என்னிடம் சொல்லியிருந்தாள். இரண்டு நாளாக அவள் எது சொன்னாலும் அதற்குப் பின்னால் வேறு ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றியது.

நேற்றுக் காலை சமையலறையில், "அன்னிக்கு ஷெட்டுக்கு வந்தியா?" என்று கேட்டேன். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரையே எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு, தம்பி காரோடு வரச் சொன்னான், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றான், ஒரு ரிப்போர்ட்டுக்கு என்று தெரியும், இப்படி ஆகும் என்று தெரியாது என்றாள். ஒரு மணி நேரத்தில் அவனே வந்து நின்றான். "ரிப்போர்ட் எடுத்தது நான்தான், கருவி தப்பாக் காட்டிருச்சுன்னு நீங்க சொல்லிருங்க மச்சான். மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். பதினொரு வருடம் உழைத்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது. நான் மனைவியைப் பார்த்தேன். அவள், "அவனுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குங்க. நமக்கு யாரு இருக்கா?" என்றாள். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அந்தக் குறையை அவள் சொல்லிக் காட்டியது அதுதான் முதல் தடவை. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு இன்று காலை இங்கே வந்தேன். அந்தக் கார் இப்போது நிலையத்தின் வாசலில் நிற்கிறது. எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் வரவழைத்துக் கருவியைச் செருகிப் பார்க்கலாம், அதே வரிதான் வரும். நான் பழியை ஏற்றுக்கொள்ளப் போகிறேன் என்று நம்பி என்னை ஏற்றிவந்த என் மனைவி அதற்குள் உட்கார்ந்திருக்கிறாள்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை. எவருடைய மிரட்டலுக்காகவும், எவருடைய கெஞ்சலுக்காகவும் சொல்லவில்லை.

(ஒப்பம்)